டெண்டரில் எந்தக் காபியை எழுதுவது?

எங்கள் பல்கலைக்கழகத்தின் உணவு ஒப்பந்தம் முடியப்போகிறது. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் உணவகங்களைத் தாமே நடத்துவதில்லை. பெரிய உணவு நிறுவனம் ஒன்றிடம் பத்தாண்டு என்ற கணக்கில் மொத்தமாக ஒப்படைத்துவிடுகின்றன. விடுதிச் சாப்பாடு, நூலகத்துக் காபிக்கடை, துறைக் கூட்டங்களுக்கு வரும் ஃபிளாஸ்க் என்று எல்லாம் அந்த ஒரே ஒப்பந்தத்துக்குள் வந்துவிடும். அதனால் புதிய டெண்டர் எழுதும் இந்தச் சில மாதங்களில் ஒரு வரியை உள்ளே சேர்க்க முடிந்தால் அது பத்தாண்டு நிற்கும். இப்போது விட்டால் இன்று முதலாமாண்டில் இருப்பவர்கள் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், பிள்ளை பெற்ற பிறகுதான் அடுத்த வாய்ப்பு.

நாங்கள் பன்னிரண்டு பேர். வளாகத்தில் நியாய வணிகக் காபி, அதாவது விளைவித்தவருக்கு ஒழுங்கான விலை கொடுத்து வாங்கிய காபி, வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கும் குழு. கொள்முதல் அலுவலகம் ஒருவழியாக எங்களைக் கூப்பிட்டுப் பேசியது. “சரி, எந்தக் காபி என்று நீங்களே எழுதித் தாருங்கள்” என்றார்கள். இரண்டு ஆண்டு கத்திய எங்களுக்கு அந்தக் கேள்விக்கு ஒரே குரலில் பதில் சொல்ல முடியவில்லை. இது நியாய வணிகக் காபி என்று பையில் சான்று சொல்லும் முத்திரை சந்தையில் ஒன்று இல்லை, பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறொன்றை நியாயம் என்கிறது.

அந்த விவாதத்தில் நான் படித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் இப்படியொரு கையெழுத்துத் தாளைக் கடந்திருப்பார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு என்ன கேட்பது என்பதுதான் கடினமான பகுதி.

விலையிலிருந்து தொடங்க வேண்டும். 1962-இல் கையெழுத்தான சர்வதேசக் காபி ஒப்பந்தம், எந்த நாடு எவ்வளவு காபி ஏற்றுமதி செய்யலாம் என்று அளவு கட்டி வைத்திருந்தது. விலை அதிகம் ஆடாமல் இருந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். 1989 ஜூலையில் அந்த ஏற்பாடு சரிந்தது. விலையும் கூடவே சரிந்தது. 2001-இல் உலகச் சந்தையில் ஒரு பவுண்டு பச்சைக் காபிக்கொட்டை அரை டாலருக்கும் கீழே போனது. பறிகூலிக்குக்கூடக் கட்டாத விலை அது. மத்திய அமெரிக்காவில் பழம் செடியிலேயே காய, குடும்பங்கள் ஊரைவிட்டுக் கிளம்பின.

ஒப்பந்தம் உடைவதற்குச் சில மாதம் முன்பே, 1988 நவம்பரில், நெதர்லாந்தில் மேக்ஸ் ஹாவலார் என்ற முத்திரை வந்திருந்தது. மெக்சிகோவின் வஹாக்கா மலைப்பகுதியில் பழங்குடிக் காபி விவசாயிகளோடு வாழ்ந்த ஃபிரான்ஸ் வான் டெர் ஹோஃப் என்ற டச்சுப் பாதிரியாரும், நீகோ ரோஸன் என்பவரும் சேர்ந்து தொடங்கியது. உதவி வேண்டாம், காபிக்கு ஒழுங்கான விலை கொடுங்கள் என்று அங்குள்ள யூசிரி கூட்டுறவின் விவசாயிகள் கேட்டதிலிருந்து பிறந்த யோசனை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நியாய வணிகக் காபி ஏழைமேல் இரக்கப்பட்ட நுகர்வோரின் கண்டுபிடிப்பு இல்லை. விவசாயச் சங்கம் ஒன்று விலைபேச உட்கார்ந்ததில் தொடங்கியது. பின்னால் வரும் ஒப்பீட்டுக்கெல்லாம் இதுதான் என் அளவுகோல்: விலை பேசும் இடத்தில் விளைவித்தவர் உட்கார்ந்திருக்கிறாரா?

அமெரிக்காவில் இதே வழியில் நியாய வணிக முத்திரை போட்ட காபி 1999-இல் வரத் தொடங்கியது. 2000 ஏப்ரலில், குளோபல் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு பல நகரங்களில் போராட்டம் அறிவித்திருந்த நிலையில், ஸ்டார்பக்ஸ் தன் கடைகளில் நியாய வணிகக் காபி விற்க ஒப்புக்கொண்டது. கல்லூரி வளாகங்களுக்கு அது பெரிய தெம்பு. 2003-இல் நியாய வணிகத்துக்கான ஒன்றுபட்ட மாணவர்கள் என்ற நாடளாவிய அமைப்பு உருவானது. அதே ஆண்டு இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் உலகின் முதல் நியாய வணிகப் பல்கலைக்கழகம் ஆனது. அமெரிக்காவில் விஸ்கான்சின்-ஆஷ்காஷ் 2008-இலும், கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2011-இலும் அந்தப் பெயரை எடுத்தன.

இனி எங்கள் முன் இருந்த காபிகள்.

முதலாவது, மேக்ஸ் ஹாவலார் போன்ற பல நாட்டு முத்திரைகள் ஒன்றுசேர்ந்து அமைத்த ஃபேர்டிரேட் இன்டர்நேஷனலின் முத்திரை. கறுப்புப் பின்னணியில் நீலமும் பச்சையுமாக, கையைத் தூக்கி நிற்கும் மனிதனைப் போல இருக்கும். காபியைப் பொறுத்தவரை சிறு விவசாயிகளின் சங்கங்களுக்கு மட்டுமே இதைத் தருகிறார்கள். பெருந்தோட்டங்களுக்கு இல்லை. கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் காபிக்குப் பவுண்டுக்கு 1.80 டாலர் குறைந்தபட்ச விலை. 2011 முதல் 1.40 ஆக இருந்ததை 2023 ஆகஸ்டில் உயர்த்தினார்கள். சந்தை விலை அதற்கு மேலே இருந்தால் சந்தை விலையைத் தர வேண்டும், கீழே போனால் 1.80-க்குக் குறையக் கூடாது. இயற்கை வேளாண்மைக் காபியென்றால் அதற்கு மேல் 40 சென்ட். இவற்றோடு, எந்த நிலையிலும் 20 சென்ட் கூடுதல் தொகை தனியாகப் போகும். அதை எதற்குச் செலவிடுவது என்று சங்கத்தின் உறுப்பினர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். அதில் 5 சென்ட்டையாவது தரத்தையும் விளைச்சலையும் உயர்த்தச் செலவிட வேண்டும்.

எங்கள் குழுவில் ஒருவர் எழுப்பிய கேள்வி நியாயமானது: “2025 பிப்ரவரியில் சந்தை விலையே நாலு டாலரைத் தாண்டியது. 1.80 என்ற தரை யாருக்கு வேண்டும்?” மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். விலை ஏறிய காலத்தில் குறைந்தபட்ச விலை உறங்குகிறது. ஆனால் காபி விலை இப்படியே நின்றதில்லை. 2019 ஏப்ரல், மே மாதங்களில் அது ஒரு டாலருக்குக் கீழே கிடந்தது. காபிச் செடி நட்டு மூன்று நான்கு ஆண்டு கழித்துத்தான் காய்க்கும். விலை ஏறியபோது நட்டவர் விலை விழும்போது அறுவடை செய்வார். எங்கள் ஒப்பந்தமோ பத்தாண்டுக்கு. அதற்குள் விலை ஒரு முறையாவது விழும் என்று எடுத்துக்கொள்வதே பொறுப்பான செயல்.

இன்னொன்றும் உண்டு. விலை ஏறும்போது கூட்டுறவுகளுக்கு வரும் ஆபத்து வெளியே அதிகம் தெரிவதில்லை. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் ஊர் இடைத்தரகரைக் ‘கொயோட்டே’, அதாவது ஓநாய் வகை, என்று அழைப்பார்கள். அறுவடை நேரத்தில் அவர் வாசலுக்கே வந்து கையில் ரொக்கம் கொடுப்பார். சங்கத்திடம் அன்றைக்கு ரொக்கம் இருக்காது, காபி கப்பலேறிப் பணம் வந்த பிறகுதான் உறுப்பினருக்குக் கொடுக்க முடியும். பிள்ளையின் பள்ளிக்கட்டணம் கட்ட வேண்டியவர் யாரிடம் விற்பார்? சங்கம் வெளிநாட்டுக்குச் சொன்ன வாக்கு முறியும். இதற்காகத்தான் ஃபேர்டிரேட் விதிகளில், சங்கம் கேட்டால் ஒப்பந்த மதிப்பில் 60 விழுக்காடு வரை முன்பணமாகக் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. 1.80-ஐவிட இந்த முன்பண விதிதான் இன்றைய நிலவரத்தில் எனக்குப் பெரிதாகப்படுகிறது. கையெழுத்துத் தாள்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை.

இந்த முத்திரைக்கு இன்னொரு பலம், ஃபேர்டிரேட் இன்டர்நேஷனலின் பொதுச்சபையில் பாதி வாக்கு உற்பத்தியாளர் அமைப்புகளுடையது. விளைவித்தவர் உட்கார்ந்திருக்கிறாரா என்ற கேள்விக்கு, பாதி நாற்காலி அவருடையது என்று சொல்லலாம்.

பலவீனங்களையும் சொல்லியாக வேண்டும். 1.80 என்பது துறைமுகத்தில் கப்பலேற்றும்போது சங்கத்துக்குக் கிடைக்கும் விலை. தோல் நீக்குவது, உலர்த்துவது, லாரி, அலுவலகச் செலவு, கடன் வட்டி எல்லாம் கழித்துத்தான் விவசாயி கைக்கு வரும். சங்கம் நன்றாக நடந்தால் நன்றாக வரும், இல்லையென்றால் இல்லை. அதோடு, சான்று பெற்ற சங்கங்கள் தம் காபி முழுவதையும் இந்த விலைக்கு விற்றுவிடுவதில்லை. வாங்க ஆள் போதாது. ஒரு பகுதி சாதாரணச் சந்தைக்கே போகிறது. எங்களைப் போன்ற வளாகங்கள் தேவைப்படுவது அதனால்தான். புதிய சான்றிதழைவிட, சான்று ஏற்கெனவே இருந்தும் இந்த விலைக்கு விற்காமல் போகும் காபிக்கு ஓர் உறுதியான வாங்குபவர் வேண்டும்.

“காபி விலை ஏறிவிடும், மாணவர்கள்தான் கொடுக்க வேண்டும்” என்று ஒப்பந்த நிறுவனத்தின் மேலாளர் எங்களிடம் சொன்னார். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு பவுண்டு வறுத்த காபியில் பெரிய கோப்பையாக ஏறக்குறைய முப்பது ஊற்றலாம். வறுக்கும்போது எடை குறைவதால் அதற்கு 1.2 பவுண்டு பச்சைக்கொட்டை வேண்டும். 20 சென்ட் கூடுதல் தொகை, ஒரு கோப்பைக்கு ஒரு சென்ட்டுக்கும் குறைவு. விலை 2019-இல் கிடந்த அளவுக்கு, சுமார் 90 சென்ட்டுக்கு, விழுந்திருந்தபோது பழைய 1.40 தரை விலையையும் கூடுதல் தொகையையும் சேர்த்துக் கொடுத்திருந்தாலும் கோப்பைக்கு மூன்று சென்ட்டைத் தொடாது. எங்கள் நூலகக் கடையில் கோப்பை இரண்டரை டாலர். காகிதக் கோப்பைக்கும் மூடிக்கும் ஆகும் செலவு இதைவிட அதிகமாக இருக்கும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோன பிறகு விலைப் பேச்சு அடங்கியது.

இரண்டாவது, ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸின் பச்சைத் தவளை. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1987-இல் மழைக்காடுகளைக் காக்கப் பிறந்த அமைப்பு. 2018-இல் உட்ஸ் என்ற இன்னொரு சான்றிதழோடு இணைந்தது. மர நிழல், நீர், பூச்சிமருந்து, குழந்தைத் தொழிலாளர் பற்றியெல்லாம் நல்ல விதிகள் உண்டு. பெருந்தோட்டங்களுக்கும் தருகிறது. ஆனால் காபிக்குக் குறைந்தபட்ச விலை கிடையாது. சந்தை விலைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று புதிய விதிகள் கேட்கின்றன, எவ்வளவு என்பதைப் பேரத்துக்கு விட்டுவிடுகின்றன. உணவு நிறுவனங்களுக்கு இது பிடித்த முத்திரை, ஏனென்றால் பெரிய அளவில் மலிவாகக் கிடைக்கும். காட்டுக்காக இதை வாங்குவது நல்ல செயல். விவசாயியின் விலைக்காக என்று சொல்லி இதை வாங்குவது மாணவர்களை ஏமாற்றுவது. டெண்டரில் ‘நெறிசார் சான்றிதழ் ஏதாவது ஒன்று’ என்று பொதுவாக எழுதினால் வந்து சேர்வது பெரும்பாலும் இந்தத் தவளைதான். அந்தப் பொதுச்சொல்லை எங்கள் வரைவிலிருந்து நாங்கள் அடித்ததற்கு அதுவே காரணம்.

மூன்றாவது, நிறுவனங்கள் தாமே வைத்துக்கொள்ளும் திட்டங்களும், நேரடி வணிகம் எனப்படும் முறையும். ஸ்டார்பக்ஸ் 2004-இல் கன்சர்வேஷன் இன்டர்நேஷனலோடு சேர்ந்து தன் சொந்த விதிமுறையை உருவாக்கியது. வெளித் தணிக்கை இருக்கிறது, ஆனால் விதியை எழுதியது வாங்குபவர், மாற்றக்கூடியவரும் அவரே. நேரடி வணிகம் வேறு மாதிரி. இன்டெலிஜென்சியா, ஸ்டம்ப்டவுன் போன்ற, காபிக்கொட்டையை வறுத்து விற்கும் வறுவல் நிறுவனங்கள் தோட்டத்துக்கே போய், சுவை பார்த்து, ஃபேர்டிரேட் விலையைவிட மிக அதிகமாகவே கொடுத்து வாங்கின. அந்த மதிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன், காபியின் தரத்துக்கு விலை உண்டு என்று விவசாயிக்குக் காட்டியவர்கள் அவர்கள். ஆனால் அது நல்ல மனிதர்களின் நல்ல பழக்கம். 2015-இல் அந்த இரண்டு நிறுவனங்களையும் பீட்ஸ் என்ற பெரிய காபி நிறுவனம் வாங்கியது. ஒரு பழக்கம் முதலாளி மாறினால் நீடிக்குமா என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. பத்தாண்டு ஒப்பந்தத்தில் இன்னொருவரின் பழக்கத்தை நம்பிக் கையெழுத்துப் போட முடியாது.

நான்காவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஃபேர் டிரேட் யுஎஸ்ஏ. இதே பெயர், இதே நோக்கம், ஆனால் வேறு அமைப்பு. அமெரிக்காவில் முத்திரையைக் கொண்டுவந்த டிரான்ஸ்ஃபேர் என்ற அமைப்புதான் பிறகு இந்தப் பெயரை எடுத்தது. 2011 இறுதியில் அது ஃபேர்டிரேட் இன்டர்நேஷனலைவிட்டுப் பிரிந்தது. பிரிவுக்குக் காரணம் ஒரு கேள்வி: பெருந்தோட்டங்களில் கூலிக்கு வேலை செய்பவர்களையும், எந்தச் சங்கத்திலும் சேராத சிறு விவசாயிகளையும் ஏன் வெளியே நிறுத்த வேண்டும்? அவர்களுக்கும் முத்திரையைத் திறந்துவிடுவோம் என்றது ஃபேர் டிரேட் யுஎஸ்ஏ. பெருந்தோட்டங்களோடு போட்டிபோட முடியாமல்தானே சிறு விவசாயிகள் சங்கம் கட்டினார்கள், அதே தோட்டங்களுக்கு அதே முத்திரையைக் கொடுத்தால் நாங்கள் எங்கே போவது என்று லத்தீன் அமெரிக்கக் கூட்டுறவுகள் எதிர்த்தன. நியாய வணிகத்துக்கான ஒன்றுபட்ட மாணவர்கள் அமைப்பும் கூட்டுறவுகளின் பக்கம் நின்று, தான் வளர்த்த முத்திரைக்குக் கொடுத்த ஆதரவை விலக்கிக்கொண்டது.

எங்கள் குழுவில் பலருக்கு இது சுலபமான தீர்ப்பு. சிறு விவசாயி நல்லவர், பெருந்தோட்டம் கெட்டது. எனக்கு அப்படி இல்லை. நான் கூடலூர்க்காரப் பிள்ளை. என் அப்பாயி இலங்கை மலையகத்தில் பிறந்து, மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்து, நீலகிரியில் கொழுந்து எடுத்தவர். அவருடைய முன்னோர் அங்கே போனது தேயிலைக்கு இல்லை, காபிக்கு என்று வீட்டில் சொல்வார்கள். கண்டி மலைகளில் வெள்ளைக்காரர்கள் முதலில் போட்டது காபித் தோட்டங்கள். தமிழ் மாவட்டங்களிலிருந்து, ஆள்சேர்க்கும் கங்காணிகள் பின்னால் கிளம்பி, கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே போனார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1869-இல் இலைத்துரு நோய் வந்து அடுத்த இருபது ஆண்டில் காபியை அழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளும் கங்காணியும் அப்படியே இருந்தன. ‘காபித் தோட்டக் கூலி நியாய வணிகத்துக்குள் வரமாட்டார்’ என்ற வரியைப் படிக்கும்போது எனக்கு வருவது கோபம்.

கோபத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. லண்டனின் சோவாஸ் கல்லூரி ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் நடத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஃபேர்டிரேட் சங்கங்கள் இயங்கிய இடங்களில் கூலியாட்களின் நிலை, அதுபோன்ற மற்ற இடங்களைவிட மேலாக இல்லை, பல இடங்களில் கூலி குறைவாகவே இருந்தது என்றது அது. ஒப்பிட்ட முறை சரியில்லை என்று ஃபேர்டிரேட் தரப்பு மறுத்தது. அந்த வாதம் எப்படியிருந்தாலும், அடிப்படை உண்மையை யாரும் மறுக்க முடியாது. மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ‘சிறு’ விவசாயியும் அறுவடைக்கு ஆள் வைக்கிறார். அந்த ஆளுக்குச் சங்கத்தில் வாக்கு இல்லை.

அப்படியென்றால் ஃபேர் டிரேட் யுஎஸ்ஏ பக்கம் நிற்க வேண்டியதுதானே? இரண்டு வாரம் அப்படித்தான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாயியிடம் போனில் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். தோட்டத்துக்கு முத்திரை தருவார்கள், கூடுதல் தொகை வரும், தொழிலாளர்கள் குழு போட்டு அதைச் செலவு செய்யலாம் என்றெல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “லேபிள் ஒட்டுனா பேர் ஒழுங்கா விழுமா, சாமி?”

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. அதைவைத்துத்தான் கூலி. எடை குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள். மழையில் நின்று பறித்த நாளுக்கு அரைப்பேர் விழுந்த கதைகள் அவரிடம் நிறைய உண்டு. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு முத்திரை விதிகளைத் திரும்பப் படித்தேன். தேயிலையில் ஃபேர்டிரேட் இன்டர்நேஷனலே தோட்டங்களுக்கு முத்திரை தருகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அப்படிப்பட்ட தோட்டங்கள் உண்டு. அங்கே கூடுதல் தொகையைத் தொழிலாளர் குழு செலவிடுகிறது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை வரும், கியாஸ் அடுப்பு வரும். நல்லதுதான். ஆனால் கூலியும் பேரும் எடையும் நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் இடையிலான விஷயங்கள். அவற்றை மாற்றக்கூடியது தொழிற்சங்கம், சட்டம், கூட்டு ஒப்பந்தம். எங்கள் வளாகத்தில் ஊற்றும் காபியின் பையில் இருக்கும் முத்திரை அந்த இடத்துக்கு எட்டாது. எட்டியதுபோல ஒரு தோற்றத்தை மட்டும் தரும், அந்தத் தோற்றத்தைத் தோட்ட முதலாளி விளம்பரத்துக்கு வைத்துக்கொள்வார். கூலியாளைக் கைவிடுவது தவறு, அவர் பெயரைச் சொல்லி முதலாளிக்குச் சான்று கொடுப்பது அதைவிடத் தவறு என்ற முடிவுக்கு வந்தேன். இதை வேறு விதமாகப் பார்ப்பவர்கள் எங்கள் குழுவிலேயே இருவர் இருக்கிறார்கள். அவர்கள் தரப்பில் நேர்மை இருக்கிறது.

ஐந்தாவது, விவசாயக் கூட்டுறவுகளிடமிருந்து மட்டும் வாங்கும் வறுவல் நிறுவனங்கள். மாசசூசெட்ஸில் 1986-இல் தொடங்கிய ஈக்வல் எக்ஸ்சேஞ்ச் இவற்றில் மூத்தது. ரீகன் அரசு நிகராகுவாவுக்கு வணிகத் தடை போட்டிருந்த காலத்தில் நிகராகுவா விவசாயிகளின் காபியைக் கொண்டுவந்து விற்றுத்தான் அது ஆரம்பித்தது. அங்கே வேலை செய்பவர்களே அதன் உரிமையாளர்கள். விஸ்கான்சினில் மாடிசன் நகரத்து ஜஸ்ட் காபி, 2001-இல் மெக்சிகோவின் சியாபாஸ் மாநில விவசாயிகளின் காபியோடு தொடங்கிய இன்னொரு கூட்டுறவு. இப்படிப்பட்ட சிறு நிறுவனங்கள் சேர்ந்து கோஆபரேட்டிவ் காபீஸ் என்ற இறக்குமதிக் கூட்டுறவை 1999-இல் அமைத்தன. எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற ஒப்பந்தத் தாள்களைப் பொதுவில் வெளியிட்டவர்கள் இவர்கள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. முத்திரை என்பது ஒருவருக்குத் தெரியாத விலையை இன்னொருவர் சரிபார்த்துச் சொல்வது. விலையே வெளியே தெரிந்தால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

இதே வழியில், லத்தீன் அமெரிக்கச் சிறு விவசாயச் சங்கங்கள் 2006-இல் தமக்கென்று ஒரு முத்திரையையே உருவாக்கிக்கொண்டன, சிறு உற்பத்தியாளர் சின்னம் என்று. பாதி நாற்காலி என்ன, முழு மேசையும் அவர்களுடையது. என் அளவுகோலின்படி இதுதான் முதலிடம். ஆனால் அமெரிக்கக் கடைகளில் இதைத் தாங்கி வரும் காபி மிகக் குறைவு.

சிறு நிறுவனங்களோடு இருக்கும் சிக்கலையும் மறைக்கக் கூடாது. பெரிய காபி நிறுவனங்கள் வடிக்கும் இயந்திரங்களை இலவசமாகத் தந்து, பழுது பார்த்து, பதிலுக்குத் தம் காபியை மட்டும் வாங்கச் சொல்லும். எங்கள் வளாகத்து இயந்திரங்கள் பெரும்பாலும் அப்படி வந்தவை. காபியை மாற்றினால் இயந்திரமும் போகும். இதை யாரும் எங்களுக்கு முதலில் சொல்லவில்லை, ஒரு விடுதி உணவகத்தில் வேலை செய்யும் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. பதினேழு ஆண்டாக அங்கே காபி ஊற்றுபவர். “இந்த மிஷின் யாருடையது என்று கேட்டீர்களா?” என்றார். அடுத்து அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. காபிச் செலவு கூடினால் நிறுவனம் எங்கள் வேலை நேரத்தைக் குறைக்காது என்று யார் எழுதித் தருவார்கள்? இரண்டு ஆண்டு கையெழுத்து வாங்கிய நாங்கள், தினமும் அந்தக் காபியைக் கையில் கொடுத்தவரிடம் அதுவரை பேசியிருக்கவில்லை. அவர்களுடைய சங்கத்தின் பிரதிநிதி இப்போது எங்கள் கூட்டங்களுக்கு வருகிறார்.

எதைக் கேட்பது என்பதைப் போலவே எப்படிக் கேட்பது என்பதிலும் பிளவு இருந்தது. புறக்கணிப்பு நடத்தலாம் என்றார்கள் சிலர். புறக்கணிப்பு ஒரு காபியை வெளியே தள்ளும், எதை உள்ளே கொண்டுவருவது என்று சொல்லாது. நியாய வணிகப் பல்கலைக்கழகம் என்ற பட்டத்தை முதலில் வாங்குவோம் என்றார்கள் வேறு சிலர். பட்டத்துக்கு, பொருள்களைப் பொறுத்தவரை, வளாகம் தானே நடத்தும் கடைகளில் இரண்டு மூன்று நியாய வணிகப் பொருள்கள் இருந்தால் போதும் என்ற அளவில்தான் நிபந்தனை. ஒரு மூலையில் ஒரு பெட்டி தேநீர்ப் பை, ஒரு சாக்லேட் வைத்துப் பட்டம் வாங்கிவிடலாம். பட்டம் வந்த பிறகு நிர்வாகம் ‘செய்துவிட்டோம்’ என்று உட்கார்ந்துவிடும் என்பது என் பயம். அது ஒப்பந்தத்துக்குப் பின்னால் வரட்டும்.

இன்னொரு யோசனை, சாதாரணக் காபிக்குப் பக்கத்தில் நியாய வணிகக் காபியையும் வைத்து, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்பது. சுதந்திரமாகத் தோன்றும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில் 2002 நவம்பரில் கடைகள் எல்லாம் நியாய வணிகம், இயற்கை வேளாண்மை, நிழல் வளர்ப்பு ஆகியவற்றில் ஒன்றான காபியை மட்டுமே வடித்து விற்க வேண்டும் என்று ஒரு வாக்கெடுப்பு நடந்து, பெரும் வித்தியாசத்தில் தோற்றது. முற்போக்கான ஊரிலேயே கட்டாயத்தை ஏற்கவில்லை என்று அதைக் காட்டி எங்களிடம் வாதாடினார்கள். ஆனால் அங்கே ஒரு நகரம் மற்றவர்களின் கடைகளுக்குச் சட்டம் போட்டது. இங்கே ஒரு பல்கலைக்கழகம் தன் பணத்தில் தான் வாங்குவதை முடிவு செய்கிறது. எந்த நாற்காலி வாங்குவது, எந்தக் காகிதம் வாங்குவது என்று ஏற்கெனவே முடிவு செய்வதைப்போல. பக்கத்தில் ஒரு குடுவை வைக்கும் ஏற்பாட்டில், அது ஆறிப்போய்க் கொட்டப்படுவதையும், ‘கேட்பாரில்லை’ என்று மூன்று மாதத்தில் எடுக்கப்படுவதையும் இங்கே ஏற்கெனவே ஒரு முறை பார்த்தாகிவிட்டது.

ஆகவே எங்கள் வரைவு இப்படி நிற்கிறது. வளாகத்தில் வடித்து ஊற்றும் காபி முழுவதும், துறைக் கூட்டங்களுக்குப் போவதும் சேர்த்து, சிறு விவசாயிகளின் சங்கங்களிலிருந்து வர வேண்டும். அதற்கு ஃபேர்டிரேட் இன்டர்நேஷனல் அல்லது சிறு உற்பத்தியாளர் சின்னம் சான்றாகும். ஃபேர் டிரேட் யுஎஸ்ஏ முத்திரை இருந்தால், காபி கூட்டுறவிலிருந்து வந்தது என்று காட்டினால் மட்டும் ஏற்கலாம். முதல் இரண்டு ஆண்டில் மூன்றில் ஒரு பங்காவது கூட்டுறவு வறுவல் நிறுவனங்களுக்கு, அதற்கான இயந்திரங்களைப் பல்கலைக்கழகம் தானே வாங்க வேண்டும். எந்தச் சங்கத்துக்குப் பவுண்டுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, முன்பணம் போனதா என்பதை ஆண்டுக்கொரு முறை வெளியிட வேண்டும். காபிச் செலவைக் காரணம் காட்டி உணவகத் தொழிலாளர்களின் வேலை நேரத்தைக் குறைக்கக் கூடாது. கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவர் அந்த அம்மா. முன்பண வரியைச் சேர்த்தது நான்.

தேநீரை இந்த வரைவில் சேர்க்க வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். காபிக்கு எழுதியதை அப்படியே தேயிலைக்கு எழுத முடியாது. அங்கே விளைவிப்பவர் பெரும்பாலும் நிலமில்லாதவர். தோட்டத் தொழிற்சங்கங்களோடு பேசி, கூலியையும் பேரையும் கணக்கில் எடுத்து எழுத வேண்டிய வேறொரு தாள் அது. அதைத் தயாரிக்கும் பொறுப்பை எடுத்திருக்கிறேன்.

இன்னும் தீராத ஒன்று, மாணவர் மையத்தின் தரைத்தளத்தில் இருக்கும் சங்கிலிக் காபிக்கடை. அது உரிமம் பெற்ற தனிப் பிராண்டு, வளாகக் காபி விதி தனக்குப் பொருந்தாது என்கிறார்கள். வளாகத்தில் அதிகக் காபி விற்பது அங்கேதான். அந்த உரிமமும் இதே ஒப்பந்தத்தோடு முடிகிறதா, தனியாக ஓடுகிறதா என்று கொள்முதல் அலுவலகத்திடம் எழுதிக் கேட்டிருக்கிறோம். பதில் வந்த பிறகு, ‘வளாகத்தில்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘உரிமக் கடைகள் உட்பட’ என்று சேர்க்கலாமா என்பதை அடுத்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்வோம்.